பதினாலு வயசுக்குட்பட்டோர்

அந்த நீலப் பை உங்களுதுதானே? ஸ்பைக்ஸ் ஷூவோட நுனி வெளிய தெரியுது. பஸ்ஸுல ஏறும்போதே பார்த்துட்டேன். அதான் பின்னாடி அத்தனை எடம் கிடந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். ஓடுற புள்ளையப் பெத்தவளுக்கு இன்னொரு ஓடுற புள்ளையப் பெத்தவளைப் பார்த்தா ஒரு ஆறுதல், வேற என்ன.

அதோ முன்னாடி சீட்டுல உங்க பாப்பா பக்கத்துல, ஜன்னலோரமா உக்காந்திருக்கா பாருங்க, அவதான் என் பொண்ணு. யோகேஸ்வரி. வீட்டுல யோகி. என்கூட உக்கார மாட்டா. பஸ்ஸு காலியா இருந்தாலும் தள்ளித்தான் உக்காருவா. கேட்டா, நீ பேசுவேங்கிறா. நான் என்னங்க பேசிடப் போறேன்? யாராச்சும் கேட்டா பதில் சொல்றேன். கேக்காட்டியும் சொல்றேன், அது வேற விஷயம்.

நீங்களும் கடலூர்ப் போட்டிக்குத்தானே? நெனச்சேன். பொங்கல் கழிச்சு ஒரு போட்டி நடந்துச்சே, அதுக்கு வந்திருந்தீங்களா? வரலையா? அப்ப சரி. வந்திருந்தா என்னைப் பார்த்ததும் எழுந்து வேற சீட்டுக்குப் போயிருப்பீங்க. ஒருத்தர் விடாம அன்னிக்கு என் குரலைக் கேட்டாங்க. எனக்கு என்ன குறைன்னு கேக்க மட்டும் ஒரு நாதி இல்ல.

நான் நியாயமா ஒண்ணு கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. போட்டின்னா எதுக்கு வயசு பிரிக்கிறாங்க? பன்னெண்டு வயசுக்குட்பட்டோர், பதினாலு வயசுக்குட்பட்டோர், பதினாறு, பதினெட்டுன்னு எதுக்குப் போடுறாங்க? அவங்கவங்க அவங்கவங்க வயசுக்காரங்களோட ஓடணும்னுதானே? அதை மதிக்காம ஒரு பத்து வயசு குட்டியக் கொண்டாந்து பதினாலு வயசுக்காரங்களோட நிறுத்தினா அது நியாயமா?

நிறுத்தினாங்க. அறுநூறு மீட்டர் ஓட்டம். பொண்ணுங்க எல்லாம் வரிசையா நிக்குது. ஓரத்துல ஒண்ணு நிக்குது, பலாக்கொட்டை மாதிரி. முப்பது கிலோ கூட இருக்காது. முன்னாடி ஒரு பல்லு வேற ஆடிக்கிட்டிருக்கு, அதை நாக்கால தள்ளித் தள்ளி விளையாடிக்கிட்டு நிக்குது. தர்ஷனாவாம். நான் பக்கத்துல இருந்தவங்ககிட்ட, யாரோட தங்கச்சியோ வழி தவறி வந்துருச்சுன்னு சொன்னேன். இல்லீங்க, ஓடப் போகுதுன்னாங்க. சின்னதுங்களோட ஓடினா ஜெயிச்சு ஜெயிச்சு அதுக்கு அலுத்துப் போச்சாம். அதனால அவங்க அப்பா மேல் பிரிவுல சேர்த்து விட்டாராம். அலுப்பாம். பத்து வயசுல அலுப்பு.

அந்த அப்பாவையும் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி, கழுத்துல ஸ்டாப் வாட்ச், கையில குளுக்கோஸ் பாட்டில். மூஞ்சியில ஒரு பெருமை பாருங்க, இவரே ஓடி இவரே ஜெயிக்கப் போற மாதிரி. புள்ளைங்க மேல தன் ஆசையத் திணிக்கிறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க. நானும் வெடியக்காலம் யோகிய எழுப்பி ஓட விடுறேன், ஒத்துக்கறேன். ஆனா அது அவ நன்மைக்கு. அவ தூக்கத்துல அழறது ஆசையில அழறது.

சரி, கேளுங்க. விசில் ஊதுறதுக்கு முன்னாடி அந்தக் குட்டியோட ஷூ லேஸ் அவுந்துருச்சு. அதுக்குக் கட்டத் தெரியல. பத்து வயசுல பதினாலு வயசுக்காரியோட ஓடத் தெரியுது, லேஸ் கட்டத் தெரியல. அப்பா கோட்டுக்கு வெளிய நின்னு குனி, கட்டு, ரெண்டு சுத்துன்னு கையக் கையக் காட்டுறார். அது முழிக்குது. யாரு கட்டி விட்டான்னு நெனக்கிறீங்க? என் பொண்ணு. தன் எடத்தை விட்டு வந்து, மண்டி போட்டு உக்காந்து, ரெண்டு காலுக்கும் இறுக்கி முடிச்சுப் போட்டு, கன்னத்தைத் தட்டிட்டுப் போறா.

அப்புறம் என்ன நடந்திருக்கும்? அவ கட்டி விட்ட லேஸோட அது முதல்ல வந்துச்சு. ரெண்டாவது வேற ஒரு பொண்ணு. யோகி மூணாவது.

முதல் ரெண்டு பேருக்குத்தான் மாநிலப் போட்டி. அங்க போய் நல்லா ஓடினா விளையாட்டு விடுதியில எடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க. நான் தையல்காரிங்க. ஊர்ல பாதிப் பேரு போட்டிருக்கிற பிளவுஸ் நான் தைச்சதுதான். எங்க வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுறார், முந்திரிக் கொட்டை சீசன்ல நல்லா ஓடும், மத்த நாள்ல அவர்தான் அதைத் தள்ளணும். எங்களுக்கு அந்த விடுதி சீட்டு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குச் சொல்லணுமா? அதை ஒரு பல்லு ஆடுற குட்டி தட்டிட்டுப் போனா வயிறு எரியுமா எரியாதா?

நேரா பந்தலுக்குப் போனேன். சாமியானா போட்டு, மேஜை போட்டு, தலைமை நடுவர் உக்காந்திருந்தார். செபாஸ்டின் சார்னு பேரு. நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். முன்னாடி அறிவிப்புக்கு மைக் ஒண்ணு வச்சிருந்தாங்க. அந்த மைக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

நான் பதமாத்தான் ஆரம்பிச்சேன். சார், இந்தச் சின்னப் புள்ளைய அதோட வயசுல ஓட விடுங்க, எலும்பு முத்தாத வயசு, இப்பவே இவ்வளவு ஓட விட்டா முட்டி தேஞ்சு போகும், அந்தக் குழந்தை மேல உள்ள அக்கறையிலதான் சொல்றேன்னேன். நிஜமாவே அக்கறைதாங்க. அந்த ரெண்டாவது வந்த பொண்ணு மேல எனக்கு இந்த அக்கறை வரலையேன்னு நீங்க கேக்கலாம். அவளுக்கு வயசு சரியா இருக்கே, அவளுக்கு எதுக்கு அக்கறை?

அதுக்குள்ள தொப்பிக்காரர் வந்துட்டார். ரொம்ப மரியாதையா கைய கட்டிக்கிட்டு நின்னு சொல்றார்:

"கீழ் வயசுக்காரங்க மேல வந்து ஓடலாம்மா. விதியிலயே எடம் இருக்கு. மேல் வயசுக்காரங்க கீழ எறங்கி ஓடுறதுதான் குத்தம்."

அதை எதுக்கு என்னைப் பார்த்துச் சொல்லணும்? எனக்கு அந்த விதி தெரியாதா? தெரியாமலா இத்தனை வருஷம் சமாளிக்கிறேன்?

எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. உங்க புள்ள அலுப்பு தீர ஓடுது, என் புள்ள அப்படி ஓடலன்னு ஆரம்பிச்சேன். அவளைச் சும்மா ஏசி ரூம்ல படுத்துக்கிட்டு பெத்துடலைன்னேன். குரல் ஏறுது, எனக்கே தெரியுது, நிறுத்த முடியல. வாய் தொறந்தா எனக்கு பிரேக் கிடையாது, எங்க வீட்டுக்காரர் லாரியாச்சும் பரவாயில்ல.

"தானே புயல் அடிச்ச அன்னிக்குப் பெத்தேன்யா இவளை. கரண்டு இல்ல, ரோடெல்லாம் பலா மரம் விழுந்து கெடக்கு, ஆம்புலன்ஸ் வர வழி இல்ல. கூரைத் தகரம் பறக்குது, டார்ச் லைட்டப் புடிச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு நர்சம்மா பிரசவம் பார்த்தாங்க. அந்தப் புயல்ல பொறந்தவ என் பொண்ணு. அவளை ஒரு குட்டி வந்து தள்ளி விட்டுட்டுப் போகுமா?"

அந்த மைக் ஆன்ல இருந்துச்சு. நாலு மூலையிலயும் கூம்பு ஸ்பீக்கர். தானே, தானே, தானேன்னு மைதானம் முழுக்க எதிரொலிக்குது. குண்டு எறியப் போனவன் குண்டைக் கையில வச்சுக்கிட்டே நிக்கிறான். சுண்டல் விக்கிறவர் கூட பொட்டலம் மடிக்கிறதை நிறுத்திட்டார்.

வேற மாவட்டமா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. ஏதோ புயல்னு விட்டிருப்பாங்க. எங்க ஊர்ல அப்படியா? எதுக்கெடுத்தாலும் தானேக்கு முன்னாடி கட்டின வீடு, தானேக்கு அப்புறம் வச்ச மரம், தானே வருஷம் நடந்த கல்யாணம்னுதான் பேச்சு. தானே அடிச்சு பதினாலு வருஷம்னு காலண்டரு பார்க்காமலே எவனும் சொல்லுவான். அது போதாதுன்னு கூட்டத்துல ஒரு பொம்பள, யாருன்னே தெரியாது, கண்ணெல்லாம் கலங்கி ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா.

"எம் பையனும் அந்தப் புயலுக்குத்தான் அக்கா பொறந்தான். நானும் பட்டேன் அந்தப் பாடு. அவன் ஒம்பதாவது படிக்கிறான். உங்க பொண்ணு?"

நான் கைய உருவிக்கப் பார்த்தேன். கூட நின்ன யோகியோட கிளாஸ் புள்ளை ஒண்ணு, ரொம்ப உதவியா, ஏழாவதுன்னு சொல்லிடுச்சு.

என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க? ஆமா, ரெண்டு வயசு குறைச்சுத்தான் போட்டிருந்தோம். இதுல என்ன இருக்கு? எங்க கொழுந்தனுக்கு கவர்மெண்ட் வேலை கையில வந்து, வயசு கொஞ்சம் கூடிப் போச்சுன்னு நழுவிடுச்சு. இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே குடிக்கிறார். அதைப் பார்த்து எங்க வீட்டுக்காரர், நம்ம புள்ளைக்கு எதுக்கும் ரெண்டு வயசு கையில இருக்கட்டும்னார். புயல்ல பொறந்ததால பதியுறதும் தள்ளிப் போச்சு, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தார், ஆயிடுச்சு. நானும் தையல்காரிதானே? வளர்ற புள்ளைக்குப் பாவாடை தைச்சா ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விட்டுத்தான் தைப்பேன், அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்னு. வயசும் அப்படித்தான். மடிச்சு விட்டோம். அவ்வளவுதான்.

ஒரே ஒரு சங்கடம், இவளுக்கு மடிச்சதும் அடுத்துப் பொறந்த பையன் இவளுக்கு ஏழு மாசத்துச் சின்னவனா ஆயிட்டான். ஹெட்மாஸ்டர் கண்ணாடியக் கழட்டி என்னையும் பார்த்தார், எங்க வீட்டுக்காரரையும் பார்த்தார். அதனால அவனுக்கும் மடிச்சோம். மூணாவது வேண்டாம்னு நிறுத்திட்டோம். பெத்தா, அது இன்னும் பொறக்கவே இல்லைன்னுல்ல எழுதணும்.

மத்தபடி அவளுக்கு ஒரு குறையும் வைக்கல. கிளாஸ்ல எல்லாரையும் விட ஒரு சாண் உசரம், போட்டோ எடுக்கிறப்ப மட்டும் உக்காரச் சொல்லுவாங்க. அஞ்சாவது படிக்கிறப்பவே வயசுக்கு வந்துட்டா, டீச்சரம்மா பதறிப் போய் எனக்கு போன் பண்ணாங்க. எல்லாம் பிராய்லர் கோழியால வர்றதுங்கன்னு சொல்லிட்டேன். அவங்களும் தலையாட்டி, பாவம், வீட்டுல கோழியே வாங்குறதில்லையாம் அதுக்கப்புறம். பொறந்த நாளுக்கு ஜூன் மாசம் கலர் டிரஸ் போட்டு அனுப்புவேன், எல்லாருக்கும் சாக்லேட் குடுப்பா. நெஜமான பொறந்த நாள் அன்னிக்கு அரைப் பரீட்சை லீவு, யாருக்கும் தெரியாது. வீட்டுல கூட அன்னிக்குக் கேசரி கிண்டினா ஜன்னலைச் சாத்திட்டுத்தான் கிண்டுவேன். தேதியக் கேட்டா என்ன சொல்லணும்னு சின்னதுலேர்ந்து பழக்கி வச்சிருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஜூன் மாசத்தைத்தான் சொல்லுவா.

அந்த நம்பிக்கையிலதான் நின்னேன். செபாஸ்டின் சார் முதல்ல மைக்கை அணைச்சார். அப்புறம் என்கிட்ட மெதுவா, "எங்க வீட்டு ஓடும் அன்னிக்குத்தாம்மா போச்சு, எனக்கும் வருஷம் ஞாபகம் இருக்கு"ன்னார். நான் சமாளிச்சேன். அது தானே இல்ல சார், வேற புயல், பேரு வாய்க்கு வரலைன்னேன். அவர் என்னை விட்டுட்டு யோகியக் கூப்பிட்டார். அவ சொன்னா போதும், ஜூன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் அடங்கிடும். நான் கண்ணக் காட்டுறேன், தலைய ஆட்டுறேன்.

"எப்பம்மா பொறந்த?"

"தானே புயல் அன்னிக்கு சார்."

என்னைப் பார்க்கவே இல்லைங்க. அவரை நேராப் பார்த்துச் சொல்றா. குரல் கூட நடுங்கல. பெத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த எடத்துல பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

மூணாவது எடமும் போச்சு. முன்னாடி வாங்கின மெடலையெல்லாம் திருப்பிக் குடுக்கணும்னாங்க. புள்ள மேல தப்பு இல்லைன்னு செபாஸ்டின் சார்தான் பேசி, தண்டனை எதுவும் வேண்டாம், இனிமே நெஜ வயசுல ஓடட்டும்னு முடிச்சு வச்சார். பெரிய உபகாரம். மெடல் குடுக்க நான் போகல, எனக்கு மானம் இருக்கு. அவளே ஒரு ஜவுளிக்கடைப் பையில எல்லாத்தையும் போட்டு எடுத்துட்டுப் போனா. திரும்பி வர்றப்ப தெருமுனையிலேயே சத்தம் கேக்குது. பாட்டுப் பாடிக்கிட்டு வர்றா. மெடலையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு வர்ற புள்ள பாடிக்கிட்டு வருமா? எங்கயோ தலையில அடிபட்டிருக்குன்னு பயந்துட்டேன்.

கையில ஒரு டப்பா. என்னடின்னா, கேக்காம். பேக்கரியில ஒண்ணு, நாலுன்னு நம்பர் மெழுகுவர்த்தி கேட்டு வாங்கிட்டு வந்திருக்கா. பொறந்த நாள் முடிஞ்சு எத்தனையோ நாள் ஆச்சு. தோத்துட்டு வந்ததுக்குக் கேக் வெட்டுற ஒரே வீடு எங்க வீடாத்தான் இருக்கும். எல்லா ஜன்னலையும் தொறந்து வச்சா. எதிர் வீட்டுக்காரி வந்து, பன்னெண்டுதானே, மெழுகுவர்த்திய மாத்தி வச்சுட்டியேடின்னா. இவ சிரிச்சுக்கிட்டே, பதினாலு அத்தைங்கிறா.

அன்னிக்கு ராத்திரி நான் கேட்டேங்க. மனசு தாங்காமக் கேட்டேன். ஏண்டி, ஒரு வார்த்தை ஜூன்னு சொல்லியிருந்தா என்ன, அந்தக் குட்டிக்கு லேஸ் கட்டி விடாம இருந்திருந்தா என்னன்னு. அவ பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னா:

"ஜெயிச்சுட்டுத் திரும்பினா ரெண்டாவது வந்தது அழுதுக்கிட்டு நிக்கும்மா. என்னை விடச் சின்னதுன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவையாச்சும் ஒண்ணுக்கு லேஸ் கட்டி விடணும்னு இருந்துச்சு."

ஜெயிச்சா திரும்பிப் பார்க்காத, நேரா மேடைக்குப் போன்னேன். நான் சொன்னதுல தப்பு இருக்கா?

அதுக்கப்புறம் வெடியக்காலம் நான் எழுப்புறதில்ல. வெறுத்துப் போச்சு. அவளே எழுந்து போறா. ஆச்சரியம் என்னன்னா, தூக்கத்துல அழறதும் நின்னு போச்சு. ஆசை விட்டுப் போச்சு போல.

இன்னிக்குத்தான் முதல் தடவையா பதினாறு வயசுக்குட்பட்டோர்ல ஓடப் போறா. தடி தடியா நிப்பாளுங்க. நீங்க சொல்றது சரிதான், இவளும் அவங்களும் ஒரே வயசுதான். இருந்தாலும் இத்தனை வருஷம் நான் மடிச்சு வச்சுப் பார்த்த புள்ள. இன்னிக்குக் கடைசியா வந்தா என்ன பண்றது? யாரைக் குத்தம் சொல்றது? குத்தம் சொல்ல ஒரு ஆள் கூட இல்லாமப் போட்டிக்குப் போறது இதுதாங்க முதல் தடவை.

அட, திருப்பாதிரிப்புலியூர் வந்துருச்சு, எறங்கணும். என் கதையவே பேசிட்டேன். உங்க பாப்பாவுக்கு என்ன வயசு? பத்தா? எந்தப் பிரிவுல ஓடுது? என்னது, பதினாலா? கோச் சொன்னாரா? ஓ, அதுக்கும் அலுப்பா. நல்லா இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. நான் சொன்னா வயித்தெரிச்சல்ம்பீங்க. ஆனா முட்டிய மட்டும் பார்த்துக்கோங்க. ஜெயிச்சுட்டு வந்தா அது கூட விளையாட அதோட வயசுல யாரு இருக்காங்கன்னும் பார்த்துக்கோங்க. சொல்றதுக்கு எனக்கு என்ன யோக்கியதைன்னு உங்க கண்ணு கேக்குது. யோக்கியதை இல்லாதவ சொன்னா முட்டி வலிக்காதா?

ஆமா, பத்துன்னீங்களே, அது பேப்பர்லயா, நெஜத்துலயா? கோவிச்சுக்காதீங்க, பழக்க தோஷம்.

ஏய் யோகி, பையை எடுடி. பஸ்ஸு நின்னுருச்சு, அங்க கீழ குனிஞ்சு என்ன பண்ற? பாருங்க, பாருங்க, உங்க பாப்பா காலப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஆரம்பிச்சுட்டா. ஏண்டி, எத்தனை தடவை சொல்லியிருக்கேன், யாரு லேஸையும் கட்டாத, யாரு லேஸையும்...

சரி, கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு. இன்னிக்கு அது உன்கூட ஓடல.